பன்னிரண்டு டியூப்களோடு கல்கத்தாவுக்கு

ஒடிசாவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் மழைத்தண்ணீர். எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் இருந்த ஐஸ் பேக் இளக ஆரம்பித்திருந்தது.

என் பெயர் கோதண்டம். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டெண்டர். எட்டாவது வரை படிப்பு. பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். கை நடுங்காது என்பதால் கூடத்துத் தலைவர் சார் எனக்குப் பிப்பெட் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். டியூபில் மருந்து அளந்து ஊற்றுவது இப்போது என் வேலை.

பெட்டியில் பன்னிரண்டு டியூப். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. ஆறுக்கு வெள்ளை மூடி, ஆறுக்குச் சிவப்பு மூடி. கல்கத்தாவில் மௌமிதா மேடம் என்று ஒருவர். போன வருடம் எங்கள் கூடத்தில் நான்கு மாதம் வேலை பழகியவர். அவருக்குத்தான் இது. இரண்டு தடவை கூரியரில் அனுப்பினோம். இரண்டு தடவையும் சூடாகப் போய்ச் சேர்ந்தது. "கோதண்டம், நீயே கொண்டுபோய்க் கையில குடு. வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுக்குக் கமிட்டி. காட்ட ஒண்ணும் இல்லேன்னா மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க" என்றார் சார்.

எதிர் சீட்டில் கரக்பூர்க்காரர் ஒருவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். காலையிலிருந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அதுல?"

"சர்க்கரை."

"சர்க்கரைக்கு எதுக்குங்க ஐஸு?"

"இது வேற சர்க்கரை."

அவர் தன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். பிறகு மனது கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அவரே சொன்னார். "முன்னாடி பார்சல் வண்டியில மீன் ஏத்தியிருக்கான். மீன் இருந்தா ஐஸ் இருக்கும். போய்க் கேளுங்க. நான் சீட்டைப் பாத்துக்கறேன்."

மழையில் நடந்து போனேன். பார்சல் வண்டிக் கதவில் கால் தொங்கப்போட்டு ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். தெலுங்கர். பெட்டியைத் திறந்து காட்டினேன். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மீன் கூடையிலிருந்து உடைத்த ஐஸை இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார். டியூப்களை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் பெட்டி முழுவதும் மீன் வாசனை. கரக்பூர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதுக்கு நீங்க அந்தச் சர்க்கரையோடயே இருந்திருக்கலாம்."

ரயில் நின்ற நேரத்தில் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவு.

உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. செல்லைப் பார்த்து வளர், பெருகு என்று சொல்லும். காயம் ஆறுவதே இந்த மாதிரிப் புரதங்களால்தான். ஆனால் தனியாகப் போய் நின்றால் செல்லுக்குக் காது கேட்காது. செல்லின் மேல் கதவு மாதிரி ஒன்று உண்டு. ஒரு கதவு திறந்து பயனில்லை. இரண்டு கதவு பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஒரு புரதம் உட்கார வேண்டும். இந்த நாலையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சர்க்கரைச் சங்கிலி. காப்பியில் போடுகிற சர்க்கரை இல்லை. ஆட்டுக் குடல், பன்றிக் குடல் வழவழப்பில் இருந்து எடுப்பது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் அதன் சொந்தம்தான். சிவப்பு மூடியில் புரதமும் சர்க்கரையும். வெள்ளை மூடியில் புரதம் மட்டும்.

"அப்ப வெள்ளை எதுக்கு? வேலை செய்யாதே" என்றார் அவர்.

"வேலை செய்யலேன்னு காட்டத்தான்."

அவர் என் நனைந்த சட்டையைப் பார்த்தார். "இதுக்கா மழையில ஓடினீங்க?"

ஞாயிறு மத்தியானம் சேர வேண்டிய வண்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹௌராவில் நின்றது. என் கொழுந்தியா செல்வி வந்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாக கார்டன் ரீச்சில் இருக்கிறாள். புருஷனுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. இவள் குவார்ட்டர்ஸில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வங்காளம் பேசினால் பக்கத்தில் நிற்பவன் ஒதுங்கிக்கொள்வான். அப்படிப் பேசுவாள்.

"வாங்க மாமா. அக்கா குடுத்தனுப்பின கருவாடா?"

"இல்ல. சர்க்கரை."

"உங்க ஊர்ச் சர்க்கரை இப்படித்தான் நாறுதா?"

பெட்டியை அவள் மாவு ஃப்ரிட்ஜில் வைத்தோம். இரண்டு மாவுத் தூக்கை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. காலையில் அந்த மாவு புளித்துப் பொங்கிவிட்டது. அதற்கு அவள் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

திங்கள்கிழமை டாக்குரியா போக வேண்டும். மேடத்தின் கூடம் ஸ்டேஷன் பக்கத்தில். மாஜர்ஹாட்டில் லோக்கல் ஏறி, பாலிகஞ்சில் மாற வேண்டும். செல்வி பெண்கள் பெட்டியில் ஏறினாள். நான் பொதுப் பெட்டியில். பாலிகஞ்ச் வந்தது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். கை இரண்டும் மேலே. ஆளைத் தள்ள வழியில்லை. வண்டி என்னோடு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தபோது செல்வி பிளாட்பாரத்தில் முரி தின்றுகொண்டிருந்தாள். அது நம் பொரிதான். கடுகெண்ணெய், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுக் குலுக்கிக் காகிதத்தில் தருகிறார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தாள்.

"கூட்டத்துல கையை மேல தூக்கிட்டா யாரு மாமா உங்களை இறங்க விடுவா? முழங்கையை வெளிய நீட்டணும்."

கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. மண் கப்பில் டீ. மூன்று மிடறுதான் வரும். குடித்து முடித்தேன். கடையில் ஒரு வாளியில் தண்ணீர் இருந்தது. கப்பைக் கழுவிப் பெஞ்சு மேல் கவிழ்த்து வைத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

"குடிச்சா தூக்கிப் போடணுமாம் மாமா. நீங்க இப்படிக் கழுவி வச்சா குயவன் பட்டினியாமே."

பத்தொன்பது வருடப் பழக்கம். கையில் ஒன்று காலியானால் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். யோசித்துச் செய்வது இல்லை.

மௌமிதா மேடம் குள்ளம். தடித்த கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் மீன் வாசனையில் ஒரு அடி பின்னால் போனார். பிறகு டியூப்களைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. "கோதண்டம்தா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கே பேருக்குப் பின்னால் 'தா' போட்டால் அண்ணன் என்று அர்த்தம்.

அவர் கேட்கிற கேள்வியைச் செல்வி எனக்குத் தமிழில் சொன்னாள். சர்க்கரைச் சங்கிலி நீளமானது. அதை மேடம் மூன்று வருடமாகத் துண்டு துண்டாக வெட்டுகிறார். எவ்வளவு குட்டைத் துண்டு இருந்தால் போதும், புரதத்தையும் கதவையும் சேர்த்துப் பிடிக்க? குட்டைத் துண்டு போதும் என்றால் பின்னாளில் மருந்து செய்ய லேசு. இதைப் பார்ப்பதற்கு ஒரு தினுசு செல் வைத்திருக்கிறார். அந்தச் செல்லுக்குச் சொந்தமாக இந்தச் சர்க்கரை செய்யத் தெரியாது. வெளியிலிருந்து சர்க்கரை கொடுத்தால் பிழைக்கும். புரதம் மட்டும் கொடுத்தால் இரண்டு நாளில் செத்துவிடும்.

"வெள்ளை மூடி ஊத்தின வரிசை சாகணுமாம். அது செத்தாத்தான் மத்ததை நம்பலாமாம்" என்றாள் செல்வி. "என்ன வேலை மாமா இது. சாகறதுக்குச் சாமி கும்பிடறாங்க."

பிளேட்டில் வரிசை வரிசையாகக் குழி. வெள்ளை ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை. வெள்ளையோடு குட்டைத் துண்டு சேர்த்து ஒரு வரிசை. மூடி இன்குபேட்டரில் வைத்தார். புதன்கிழமை பார்க்கலாம் என்றார்.

செவ்வாய் எனக்கு வேலை இல்லை. செல்வியோடு மாவுத் தூக்கு தூக்கிக்கொண்டு அலிப்பூர் போனேன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் டிபன் கடை. செல்வி மாவுதான் அங்கே இட்லி. கறுப்புக் கோட்டுக்காரர்கள் இட்லியை ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடுகிறார்கள். சாம்பார் இனித்தது. கடைக்காரரிடம் கேட்டேன்.

"இனிப்பு இல்லேன்னா இங்க ஓடாதுங்க" என்றார். "முதல்ல ஒரு கரண்டி வெல்லம் போட்டேன். இப்போ கை தானாப் போடுது. ஊருக்குப் போனாலும் எங்க வீட்டுச் சாம்பார்ல போட்டுடறேன். சம்சாரம் திட்டறா."

நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புதன் காலை மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். சிவப்பு வரிசையில் செல்கள் உருண்டையாக, பளபளவென்று மிதந்தன. குட்டைத் துண்டு வரிசையிலும் அப்படியே. வெள்ளை வரிசைக்கு நகர்த்தினார். அதிலும் பளபளவென்று மிதந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வி தணிந்த குரலில் சொன்னாள். "சர்க்கரையே இல்லாம பிழைக்குதுன்னா, இவங்க வெட்டின துண்டுக்கு ஒரு வேலையும் இல்லேன்னு ஆயிடுதாம். மூணு வருஷமும் போச்சுங்கறாங்க."

மேடம் அழவில்லை. எழுந்து, வெட்டிய துண்டுகள் இருந்த தன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட ஆரம்பித்தார். தன் கை மேல் சந்தேகம். செல் மாறிப்போய்விட்டதோ என்று சந்தேகம். மீன் தண்ணீர் டியூபுக்குள் போயிருக்குமா என்று நான் கேட்டேன். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். "உங்கள் மேல் தப்பில்லை கோதண்டம்தா. நீங்கள் கிளம்புங்கள். சாயங்காலம் வண்டி இருக்கிறதே" என்றார்.

வெளியே வந்தோம். சந்தில் வழி அடைத்திருந்தது. நாலு பேர் ஒரு இரும்பு பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பீரோவைக் கயிற்றால் கட்டி, நடுவில் ஒரு மூங்கிலைச் செருகியிருந்தார்கள். முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். மூங்கில் இல்லாமல் நாலு பேர் சுற்றி நின்று தூக்கினால் அந்தச் சந்தில் நுழையவே முடியாது. டீக்கடை முன்னால் இறக்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டார்கள். ஒருவர் மட்டும் மூங்கிலைக் கீழே வைக்கவில்லை. சும்மா உட்காரும்போதும் அது தோளிலேயே சாய்ந்திருந்தது. கை தானாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றேன்.

எங்கள் கூடத்தில் இந்தப் புரதத்தைத் தனியாக வைப்பதே இல்லை. தனியாக வைத்தால் டியூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் ஊற்றியதும் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் சேர்க்க வேண்டும். முதல் வருடமே சார் சொல்லிக் கொடுத்தது. பத்தொன்பது வருடம் அப்படித்தான் செய்தேன். போன வெள்ளிக்கிழமை சார் தெளிவாகச் சொன்னார். சிவப்பில் போடு, வெள்ளையில் போடாதே. ஆறு டியூபுக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு சர்க்கரைத் தண்ணீர் வைத்திருந்தேன். வேலை முடிந்தபோது அந்த டியூபில் பாதி மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

மிச்சம் இல்லை. காலி டியூபைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது.

"செல்வி, திரும்பு. மேடத்துகிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மாமா, இதைச் சொன்னா உங்க வேலைக்கு வேட்டு. சாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? வண்டி இருக்கு. பேசாம ஏறிடுங்க. அவங்களே உங்க மேல தப்பில்லேன்னுட்டாங்க."

"அவங்க அவங்க மேல தப்புன்னு பாட்டிலைத் தூக்கிப் போடறாங்க."

"யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு. வா."

மேடம் கேட்டுக்கொண்டார். வெள்ளை மூடி டியூபில் மிச்சம் இருந்ததில் ஒரு சொட்டு எடுத்து ஒரு நீலச் சாயத்தில் விட்டார். சாயம் ஊதாவாக மாறியது. அந்தச் சர்க்கரை இருந்தால்தான் அப்படி மாறும். எங்கள் கூடத்திலும் இந்தச் சோதனை உண்டு. ஆறு வெள்ளையும் பார்த்தார். ஆறும் ஊதா.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"திட்டறாங்க மாமா. அது வங்காளத்துலயே இருக்கட்டும்."

திட்டி முடித்ததும் குப்பையிலிருந்து தன் பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணி. பிறகு ஃப்ரீசரைத் திறந்து அடித் தட்டில் கையை விட்டார். ஒரே ஒரு டியூப். போன வருடம் சென்னையில் அவரே தன் கையால் ஊற்றிக் கொண்டுவந்தது. சர்க்கரை சேர்க்காதது. ஆபத்துக்கு என்று தொடாமல் வைத்திருந்தாராம். சாயத்தில் ஒரு சொட்டு விட்டார். நீலம் நீலமாகவே இருந்தது. ஒரு பிளேட்டுக்குத்தான் காணும். அந்த ஒரே டியூபைப் பங்கு போட்டார். தனியாக ஒரு வரிசை. நீளச் சர்க்கரையோடு ஒன்று. குட்டைத் துண்டோடு ஒன்று. வெள்ளி காலையில் இரண்டு நாள் ஆகும். கமிட்டி மூன்று மணிக்கு.

வியாழக்கிழமை சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை வருஷமா இந்தப் பழக்கம்?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுலேர்ந்து சார்."

"அப்ப பாதி என் தப்பு. பாதிக்கு நீ வந்து திட்டு வாங்கிக்க. வேற டிக்கெட் போட்டுக்க. முடிவு தெரிஞ்சப்புறம் வா."

அன்று மழை. முழங்கால் தண்ணீரில் நடந்து மேடத்தின் கூடத்துக்குப் போனேன். சும்மா இருக்க முடியவில்லை. அங்கே கழுவாமல் கிடந்த கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் கழுவினேன். இங்கே தண்ணீரில் உப்பு குறைவு. எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரி வெள்ளைப் படலம் விடுவதில்லை. மத்தியானம் செல்வி கடுகு அரைத்த மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். மூக்கில் ஏறியது. புளி இல்லாமல் மீன் குழம்பு எனக்குச் சரிப்படவில்லை. மேடம் தன் சோற்று டப்பாவிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தார். அதற்கு மேல் திட்டவில்லை.

வெள்ளி காலை. மேடம் குனிந்தார். முதல் வரிசையைப் பார்த்தார். ஒரு குழி, அடுத்த குழி, அதற்கடுத்தது. பிறகு மெதுவாக, "மொரே கேச்சே" என்றார். செத்துவிட்டது என்று அர்த்தம். எல்லாப் பல்லும் தெரியச் சொன்னார்.

நானும் பார்த்தேன். புரதம் மட்டும் கொடுத்த வரிசையில் செல்கள் சுருங்கி, கறுத்து, தூள் மாதிரி கிடந்தன. நீளச் சர்க்கரை வரிசை பளபளவென்று இருந்தது. கடைசியாகக் குட்டைத் துண்டு வரிசையைக் காட்டினார். அதுவும் பளபளவென்று இருந்தது. நாலு பேருக்கு அந்தச் சின்ன மூங்கிலே போதும்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "இந்தச் சாவுக்குத்தானா இத்தனை பாடு?"

மேடம் ஒருவரை அனுப்பிச் சந்தேஷ் வாங்கிவரச் சொன்னார். பால்கோவா மாதிரி, ஆனால் ஈரம் குறைவு. செத்த செல்லுக்காக இனிப்புத் தின்றது அதுதான் முதல் தடவை. பழக்கத்தில் நான் அந்தச் செல் பிளேட்டைக் கழுவ எடுத்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூன்றாவது ஆள் சந்தேஷ் கொண்டுவந்தவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேடம் உள்ளே போனார். நானும் செல்வியும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வாளியைக் காலால் தள்ளி வைத்தார். இரண்டு டீ குடித்தேன். மூன்றாவது டீயும் குடித்தேன். செல்வி போனில் மாவுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு மேல் மேடம் தெருவைக் கடந்து வந்தார். குடையை விரிக்க மறந்திருந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ கேட்டார். செல்வி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"இன்னும் ஒரு வருஷம் குடுத்துட்டாங்களாம்."

தலையாட்டினேன்.

"நீங்க செஞ்சதையும் அங்க சொல்லிட்டாங்களாம். ஒளிக்கலையாம். அதுல ஒருத்தர் கேட்டாராம், வெள்ளை மூடியில சர்க்கரை இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு. கண்டுபிடிக்கலை, போட்டவரே வந்து சொன்னாருன்னாங்களாம். அப்படி வந்து சொல்ற ஆளு யாரு, எங்க இருக்காருன்னு கேட்டாராம்."

"என்ன சொன்னாங்க?"

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதிர் டீக்கடையில கப்பு கழுவிட்டு இருப்பாருன்னாங்களாம்."

நான் என் கையைப் பார்த்தேன். கூரையிலிருந்து சொட்டிய மழைத் தண்ணீரில் கழுவிய கப் ஈரமாக இருந்தது. கவிழ்க்க இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.